வற்றிய ஏரியும் வீட்டுக் கடிதமும்: லூயி சாக்கரின் 'ஹோல்ஸ்' சிறார் புதினத்தில் கோடை முகாம்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கச் சிறார் இலக்கியத்தில் கோடை முகாம் என்பது நட்பும் சாகசமும் முளைக்கும் நிலமாகத் தொடர்ந்து இடம்பெறுகிறது. ஏரி, படகு, புதிய தோழர்கள், வீட்டிற்கு எழுதும் கடிதம் ஆகியன அதன் நிலைத்த கூறுகள். லூயி சாக்கர் 1998-இல் வெளியிட்ட 'ஹோல்ஸ்' புதினம் இக்கூறுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஏரியை மட்டும் வற்றச் செய்துவிடுகிறது. எஞ்சுவது சிறார் தண்டனை முகாம். அம்முகாமில் கடிதம், எழுத்தறிவு, பட்டப்பெயர், பரம்பரைச் சாபம் ஆகியன எவ்வாறு இயங்குகின்றன என்பதையும், தமிழில் இப்புதினத்தைக் கொண்டுவர முயல்வோர் எதிர்கொள்ளக்கூடிய சொற்சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறார் புதினம், கோடை முகாம், லூயி சாக்கர், எழுத்தறிவு, சாபம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

பெற்றோரின் கண்பார்வையிலிருந்து பிள்ளைகளை அகற்றினால்தான் சாகசக் கதை தொடங்க முடியும். இது சிறார் புதின ஆசிரியர் எல்லாரும் அறிந்த தொழில்நுட்பம். ஆங்கிலேயரான ஆர்தர் ரான்சம் 1930-இல் வெளியிட்ட 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' புதினத்தில் ஏரித் தீவொன்றில் கூடாரம் அடித்துத் தங்கும் பிள்ளைகளைப் படைத்தார். ஜெர்மானியரான எரிக் கேஸ்ட்னர் 1949-இல் வெளியான தம் புதினத்தில், ஒருவரையொருவர் அறியாத இரட்டைச் சகோதரியரைச் சிறுமியர் விடுமுறை இல்லத்தில் சந்திக்க வைத்தார். ரிக் ரையர்டன் 2005-இல் தொடங்கிய பெர்சி ஜாக்சன் வரிசையில், கிரேக்கக் கடவுளரின் பிள்ளைகளுக்கே ஒரு கோடை முகாம் அமைந்தது. இடம் மாறினாலும் அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. வீடு தொலைவில் இருக்கிறது. ஆயினும் அது பத்திரமாக இருக்கிறது. கோடை முடிந்ததும் திரும்பிச் செல்லலாம்.

'ஹோல்ஸ்' இந்த உறுதிப்பாட்டின்மீதே கை வைக்கிறது. 1998-இல் சிறார் இலக்கியத்திற்கான அமெரிக்க தேசிய நூல் விருதையும், 1999-இல் நியூபெரி பதக்கத்தையும் பெற்ற இப்புதினம் ஐம்பது இயல்களைக் கொண்டது. இயல்கள் மிகச் சிறியவை. சில ஒரு பக்க அளவே வருவன. விறுவிறுப்பான கதை என்ற பெயரைப் பெற்றதனால் இதன் கசப்பு பலர் கண்ணில் படாமல் போகிறது.

கோடை முகாம் என்னும் மரபு

ஒழுங்கமைக்கப்பட்ட கோடை முகாம் அமெரிக்காவின் வடகிழக்கில் பிறந்தது. கனெடிகட் மாநிலத்துப் பள்ளித் தலைவரான ஃபிரெடெரிக் வில்லியம் கன், 1861-இல் தம் மாணவர்களை நடைப்பயணமாக அழைத்துச் சென்று வெட்டவெளியில் தங்கவைத்ததை இவ்வழக்கத்தின் தொடக்கமாகக் குறிப்பிடுவர். 1881-இல் எர்னஸ்ட் பால்ச் நியூ ஹாம்ப்ஷயர் ஏரித் தீவொன்றில் வசதியுள்ள வீட்டுச் சிறுவர்களுக்காகச் சொக்கோருவா முகாமை நிறுவினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் வேலை செய்யத் தெரியாதவர்களாய் வளர்கிறார்கள் என்பது அவர் கவலை. ஆகவே அம்முகாமில் சமைத்தலும் பாத்திரம் துலக்குதலும் சிறுவர்களே செய்யவேண்டிய பணிகளாயின. மறுபுறம், நியூயார்க் நகர நெரிசலில் வாழ்ந்த ஏழைப் பிள்ளைகளைக் கோடையில் கிராமங்களுக்கு அனுப்பும் தூய காற்று நிதியம் 1877-இல் தொடங்கியது.

எனவே, முகாம் தொடக்கத்திலேயே இரு வகுப்பினருக்கு இரு பொருள் தந்தது. செல்வருக்கு அது கடின வாழ்வின் ஒத்திகை. ஏழைக்கு அது கடின வாழ்விலிருந்து சில நாள் விடுப்பு. உடலுழைப்பு ஒழுக்கத்தை வளர்க்கும் என்னும் நம்பிக்கை முன்னதன் அடித்தளம். இந்நம்பிக்கையே வேறொரு திசையில் சென்று சிறார் தண்டனை இல்லங்களில் குடிபுகுந்தது. இராணுவப் பயிற்சியின் சாயலில் அமைந்த தண்டனை முகாம்கள் 1980-களில் அமெரிக்காவில் தோன்றி, 1990-களில் சிறாருக்கும் விரிவடைந்தன. அதற்கு முன்னரே இருந்த சீர்திருத்தப் பள்ளிகளின் வரலாறு இன்னும் இருண்டது. ஃபுளோரிடாவில் 1900 முதல் 2011 வரை இயங்கிய டோசியர் சிறுவர் பள்ளி வளாகத்தில், அது மூடப்பட்ட பின்னர் நடந்த அகழாய்வில் 55 புதைகுழிகள் கண்டறியப்பட்டன. 'ஹோல்ஸ்' வெளிவந்த ஆண்டில் அப்பள்ளி இன்னும் நடந்துகொண்டிருந்தது.

சாக்கர் 1954-இல் பிறந்தவர். பொருளாதாரம் பயின்று பின்னர் சட்டமும் கற்றவர். சில ஆண்டுகள் சட்டப்பணியையும் எழுத்தையும் ஒருசேர நடத்தியவர். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் குடியேறிய பிறகு அங்குள்ள கோடை வெப்பமே இக்கதைக்கு வித்திட்டதென்றும், பாத்திரங்களுக்கு முன்னரே இடம் மனத்தில் தோன்றிவிட்டதென்றும் அவர் கூறியுள்ளார். கதையை வாசிக்கையில் இது புலனாகிறது. முதல் இயலில் மனிதர் எவரும் முன்னிற்பதில்லை. வற்றிய ஏரியும், வெயிலும், மஞ்சள் புள்ளிப் பல்லியும், நிழல் தரும் இரண்டு மரங்களுமே இருக்கின்றன. அந்த நிழலும் முகாமின் தலைவருக்கு உரியது.

பொய்க் கடிதம்

கதைத்தலைவன் ஸ்டான்லி யெல்நாட்ஸ், பருத்த உடலும் கூச்ச சுபாவமும் கொண்ட பள்ளிச் சிறுவன். புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஒருவர் ஆதரவற்றோர் இல்லத்திற்கு நன்கொடையாக அளித்த காலணிகளைத் திருடியதாக அவன்மீது குற்றம் சாட்டப்படுகிறது. உண்மையில் மேம்பாலத்தின் கீழே நடந்து செல்கையில் அவை வானிலிருந்து விழுவதுபோல் அவன் தலையில் விழுந்தன. அவன் உண்மையைச் சொல்கிறான், எவரும் நம்பவில்லை. சிறை அல்லது பசுமை ஏரி முகாம் என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு நீதிபதி கூறுகிறார். அவன் முகாமைத் தேர்கிறான். ஏழைக் குடும்பத்தவனாதலால் அவன் அதுவரை எந்த முகாமிற்கும் போனதில்லை என்பதுதான் ஆசிரியர் காட்டும் காரணம். நகைச்சுவைபோலத் தோன்றும் இக்குறிப்பில் புதினத்தின் வகுப்புணர்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

வழக்கில் ஸ்டான்லிக்கு வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரை அமர்த்தப் பெற்றோரிடம் பணமில்லை. உண்மையைச் சொன்னால் போதும் என்று தாய் தேற்றுகிறாள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல் வழங்கிய கால்ட் வழக்குத் தீர்ப்பின்படி, தடுப்பில் வைக்கப்படக்கூடிய சிறாருக்கு வழக்கறிஞரைப் பெறும் உரிமை உண்டு. வசதியற்றவருக்கு அரசே அமர்த்தித் தரவேண்டும். சட்டம் பயின்ற சாக்கர் இதனை அறியாதிருக்க இயலாது. கதையின் வசதிக்காக அவர் இதைக் கடந்து செல்கிறார் எனக் குறை கூறலாம். உரிமை ஏட்டில் இருப்பதும் ஒரு தாய்க்கு அது தெரிந்திருப்பதும் வேறு வேறு என்பதையே அவர் உணர்த்துகிறார் எனவும் கொள்ளலாம். இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் கதையின் இறுதியில் அவனை மீட்பது, வேறு வழியில் வந்த பணத்தால் அமர்த்தப்பட்ட ஒரு வழக்கறிஞர்தான்.

முகாமிற்கு வந்த சில நாளில் ஸ்டான்லி தாய்க்குக் கடிதம் எழுதுகிறான். நண்பர்கள் கிடைத்துவிட்டதாகவும், நாள்தோறும் ஏரியில் பொழுது கழிவதாகவும், நீச்சல் தேர்வில் வென்றபின் நீர்ச்சறுக்கு கற்கப்போவதாகவும் எழுதுகிறான். அங்கே ஏரியில் ஒரு துளி நீரும் இல்லை. தாயின் மறுமொழி, பிள்ளையைக் கோடை முகாமிற்கு அனுப்பும் வசதியுள்ள மற்றத் தாய்மாரைப்போலத் தானும் உணர்ந்ததாகக் கூறுகிறது. உண்மை அதுவன்று எனத் தனக்குத் தெரியும் என்பதையும் அவள் மறைக்கவில்லை. மகன் பொய் சொல்கிறான். தாய் அதனை அறிந்தே ஏற்கிறாள். அறிந்தமையை மென்மையாகத் தெரிவிக்கவும் செய்கிறாள்.

முகாமிலிருந்து வீட்டிற்குச் செல்லும் கடிதம் அமெரிக்கப் பண்பாட்டில் நன்கு பழகிய வடிவம். ஆலன் ஷெர்மன் 1963-இல் பாடிப் புகழ்பெற்ற நகைச்சுவைப் பாடலே அத்தகைய கடிதமொன்றின் வடிவில் அமைந்தது. அதில் சிறுவன் முகாமின் துன்பங்களை மிகைப்படுத்திப் புலம்புகிறான். வசதியுள்ள பிள்ளை இல்லாத துன்பத்தை எழுதுகிறான். வசதியற்ற பிள்ளை இல்லாத இன்பத்தை எழுதுகிறான். சாக்கர் மரபைத் தலைகீழாக்கும் இடம் இதுதான்.

குழியும் எழுத்தும்

முகாமில் ஒவ்வொரு சிறுவனும் நாளொன்றுக்கு ஒரு குழி தோண்டவேண்டும். ஐந்தடி ஆழம், எப்பக்கம் அளந்தாலும் ஐந்தடி அகலம். அதிகாலை நான்கரை மணிக்கு எழுப்பப்படுகின்றனர். விடுமுறை நாள் கிடையாது. அளவுகோலாகப் பயன்படுவதும் தோண்டும் கருவியே. கணக்கிட்டால் ஒரு குழியிலிருந்து ஏறத்தாழ 98 கனஅடி மண் வெளியேற வேண்டும். ஸ்டான்லிக்கு விதிக்கப்பட்டது 18 மாதம். இவ்வுழைப்பின் நோக்கம் நல்லொழுக்கம் வளர்த்தல் எனக் கூறப்படுகிறது. உண்மையில் முகாம் தலைவி புதையலொன்றைத் தேடுகிறாள். எர்னஸ்ட் பால்ச் நம்பிய உழைப்பின் அறம் இங்கே வெறும் மூடுதுணியாகிவிட்டது. ஏரி இருந்ததற்குச் சான்றாக ஸ்டான்லி தோண்டிய மண்ணிலிருந்து மீனின் புதைபடிவம் ஒன்று கிடைக்கிறது. அது எவருக்கும் தேவைப்படவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் கிடைத்திருந்தால் அந்த மீன் ஒரு நாள் முழுவதும் வகுப்பின் பேச்சாக இருந்திருக்கும்.

ஸ்டான்லியின் கூடாரத்துச் சிறுவருள் எல்லாராலும் புறக்கணிக்கப்பட்டவன் ஜீரோ. வேகமாகத் தோண்டுபவன், குறைவாகப் பேசுபவன். தாயின் கடிதத்தைப் படித்து ஸ்டான்லி சிரிக்க, சிரிப்பின் காரணத்தை ஜீரோ கேட்கிறான். கடிதத்தில் மழலைப் பாடலொன்றைச் சுட்டும் வேடிக்கை உள்ளது. அந்தப் பாடலையே ஜீரோ கேட்டறிந்ததில்லை. அவனுக்குப் படிக்கவும் தெரியாது. இக்காட்சி ஒரு பக்கத்திற்குள் முடிந்துவிடுகிறது. ஆயினும் ஒரு பிள்ளைக்குப் பாடல் சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை நீண்ட விளக்கங்களைவிட இது நன்றாகக் காட்டுகிறது.

பின்னர் இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வருகின்றனர். ஸ்டான்லி படிப்புச் சொல்லித்தருவான். ஜீரோ நாள்தோறும் ஒரு மணிநேரம் ஸ்டான்லியின் குழியைத் தோண்டுவான். நாளுக்கு ஐந்தெழுத்தாகக் கற்றால் இருபத்தாறு எழுத்துகளும் ஐந்து நாளில் முடியும், கடைசி நாளில் மட்டும் ஆறு என்று ஜீரோ உடனே கணக்கிடுகிறான். அவனுக்குக் கல்விதான் கிட்டவில்லை, அறிவு குறைவில்லை. இந்த உடன்பாடு நியாயமானதா என்னும் வினாவைப் புதினம் எளிதில் விடுவதில்லை. ஸ்டான்லி வெள்ளையன், ஜீரோ கறுப்பன். ஒருவன் அமர்ந்திருக்க மற்றவன் அவனுக்காகத் தோண்டுவதைப் பிற சிறுவர்கள் அடிமை முறையோடு ஒப்பிட்டு ஏளனம் செய்கின்றனர். புழுதியில் அனைவரும் ஒரே நிறத்தவராகிவிட்டதாக முன்னர் எண்ணிய ஸ்டான்லியின் கருத்து இங்கே பொய்க்கிறது. கூலிக்குக் கற்பித்தவன் நண்பனாக மாறுவதற்கு இன்னும் சில இயல்கள் தேவைப்படுகின்றன. ஜீரோ பாலைக்குள் ஓடிப்போனபின், தண்ணீர் வண்டியைத் திருட முயன்று, அதனைக் குழியொன்றில் இறக்கிவிட்டு, வெறுங்கையுடன் அவனைத் தேடிச் செல்லும்போதுதான் ஸ்டான்லி நண்பனாகிறான்.

ஓட்டத்திற்குக் காரணமும் எழுத்துத்தான். சிறுவர்களின் ஆலோசகர் பெண்டான்ஸ்கி, ஜீரோவால் கற்க இயலாது என நிலைநாட்டும் பொருட்டு எல்லார் முன்னிலையிலும் அவனைச் சொல் கூட்டிப் படிக்கச் சொல்கிறார். 'தோண்டு' என்னும் பொருள்தரும் மூன்றெழுத்துச் சொல்லே அவர் கேட்பது. ஜீரோ சரியாகப் படித்துவிட்டு, கையிலிருந்த கருவியால் அவர் முகத்தில் அடிக்கிறான். வன்முறை ஆதரிக்கப்படவில்லை, ஆனால் காரணம் வாசகனுக்கு முழுமையாக விளங்குகிறது. கவனிக்கத்தக்கது, அம்முகாமில் அன்பாகப் பேசுபவராக அறிமுகமானவர் இந்த ஆலோசகரே என்பது. வெளிப்படையாக அச்சுறுத்தும் காவலரான மிஸ்டர் சாரைவிட இவரே கொடியவராகப் படுகிறார்.

பட்டப்பெயரும் கோப்பும்

முகாமில் சிறுவர்கள் தங்களுக்குள் பட்டப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனர். எக்ஸ்-ரே, ஸ்க்விட், மேக்னெட், ஜிக்ஜாக் என அவை அமைகின்றன. ஸ்டான்லி 'கேவ்மேன்' ஆகிறான். அப்பெயர் தன்னைக் குறித்தது என்று புரிந்துகொள்ளவே அவனுக்குச் சிறிது நேரமாகிறது. பட்டப்பெயர் சூட்டப்படுதல் குழுவினுள் ஏற்கப்பட்டதன் அடையாளம். ஆலோசகரோ சமூகம் அறியும் பெயர்களையே தாம் வழங்குவதாகச் சொல்லிக்கொள்கிறார். ஆயினும் ஜீரோவின் பெயருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்பதே அவர் கருத்து.

அவன் இயற்பெயர் ஹெக்டர் ஜீரோனி. முகாமில் எழுத்துக் கற்பிக்கையிலேயே அதனை ஸ்டான்லி அறிகிறான். ஜீரோ ஓடிப்போனபின் முகாமில் வேறொன்று நடந்துவிடுகிறது. ஜீரோவுக்குப் பெற்றோர் இல்லை, அவன் அரசின் காப்பில் இருப்பவன், தேடி வருவார் இல்லை என்பதனால் அவனைப் பற்றிய பதிவுகள் அனைத்தையும் அழித்துவிடத் தலைவி ஆணையிடுகிறாள். நடு இயலில் வரும் இந்த உரையாடல் புதினத்தில் மிகவும் அச்சந்தருவது. பல்லியோ பாம்பு நஞ்சோ இவ்வளவு அச்சுறுத்துவதில்லை. இறந்தால் விசாரணை வரும் என்பதனால் தப்பிய பிள்ளையைத் தேட வேண்டியிருக்கும். பிறந்ததே பதிவில் இல்லையெனில் தேடவும் வேண்டாம்.

ஸ்டான்லி எழுதிய பொய்க் கடிதத்தின் மதிப்பு இங்கே தெளிவாகிறது. அதனைப் பெறுவதற்கு ஒரு தாய் இருந்தாள். வாரந்தோறும் ஒரு கடிதம் செல்லும் முகவரி இருக்கும்வரை அச்சிறுவன் கோப்பிலிருந்து எளிதில் மறைய முடியாது. ஜீரோவுக்கு எழுதவும் தெரியாது. தெரிந்தபின் எழுத முகவரியும் இல்லை.

சாபமும் ஊழும்

கதையினுள் மேலும் இரு கதைகள் பின்னப்பட்டுள்ளன. ஒன்று லாட்வியாவில் நிகழ்வது. ஸ்டான்லியின் கொள்ளுப்பாட்டனுக்குத் தந்தையான எல்யா யெல்நாட்ஸ், மேடம் ஜீரோனி என்னும் முதியவளிடம் உதவி பெறுகிறான். கைம்மாறாக அவளை மலைமேல் சுமந்து சென்று, ஓடை நீரை அருந்தச் செய்து, அப்போது ஒரு பாடலைப் பாடவேண்டும் என்பது வாக்கு. அதனை மறந்து அமெரிக்காவிற்குக் கப்பலேறுகிறான்; வாக்குத் தவறினால் அவன் குலமே துன்புறும் என அவள் முன்னரே எச்சரித்திருந்தாள். மற்றொரு கதை, 110 ஆண்டுகளுக்கு முன் ஏரி நிறைந்திருந்த காலத்து ஊரைப் பற்றியது. வெள்ளை ஆசிரியை கேதரின் பார்லோவும் வெங்காயம் விற்கும் கறுப்பரான சாமும் காதலிக்கின்றனர், சாம் கொல்லப்படுகிறான், பள்ளி எரிக்கப்படுகிறது, ஆசிரியை கொள்ளைக்காரியாகிறாள், அதன்பின் அவ்வூரில் மழையே பெய்யவில்லை.

தமிழ் வாசகர் இதனை ஊழ் எனப் படிக்க விழைவர். சிலப்பதிகாரத்தில் கோவலன் செய்யாத திருட்டிற்காகக் கொல்லப்படுகிறான். காலில் அணியும் சிலம்பே அங்கே பழிக்குக் காரணம். முற்பிறப்பில் பரதனாயிருந்து சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழித்துக் கொல்வித்தமையும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமும் கட்டுரை காதையில் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. செய்யாத திருட்டு, காலுக்குரிய பொருள், ஒரு பெண்ணின் சாபம் என மூன்று கூறுகள் ஒத்திருப்பது வியப்பே. ஆயினும் ஒப்புமையை நெடுந்தொலைவு இழுக்கவியலாது. கோவலனுக்கு வந்தது தன் வினை. ஸ்டான்லிக்கு வந்தது தன் பாட்டன் வினை. ஊழ் தனி உயிரைத் தொடர்கிறது. இங்குச் சாபம் குருதிவழி இறங்குகிறது. ஆதலால், பிற்காலத்தவர் ஒருவர் அக்கடனை அடைத்துவிடவும் முடிகிறது. நினைவிழக்கும் ஜீரோவைத் தோளில் சுமந்து ஸ்டான்லி மலையேறுகிறான். மேலே நீர் இருக்கிறது. ஜீரோவுக்கு நீரளித்தபின் தன் குடும்பத்தில் வழிவழியாக வந்த தாலாட்டைப் பாடுகிறான். தான் சுமப்பது மேடம் ஜீரோனியின் வழித்தோன்றலை என்பதை அவன் அறியான். கடன் தீர்வதற்கு அறிந்து செய்வது தேவைப்படவில்லை.

பலரும் பேசாமல் விடும் ஒரு செய்தி, பரம்பரைச் சுமை ஸ்டான்லியோடு நின்றுவிடவில்லை என்பதாகும். முகாம் தலைவி, சாமின் சாவுக்குக் காரணமான டிரவுட் வாக்கரின் வழிவந்தவள். கேதரின் ஒளித்த புதையலுக்காக அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியது. சிறுமியாயிருந்தபோது விடுமுறை நாள்களில், கிறிஸ்துமஸ் அன்றுகூட, தானும் தோண்டவேண்டியிருந்ததாக அவள் கூறுகிறாள். அவளுக்கும் கோடை விடுமுறை கிடைத்ததில்லை. சாக்கர் இதனை ஒரு வரிக்கு மேல் வளர்க்கவில்லை. அவளை மன்னிக்குமாறும் வாசகரைக் கேட்கவில்லை.

தமிழாக்கச் சிக்கல்கள்

தலைப்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'குழிகள்' என்பது நேர்ப்பொருள். தமிழில் குழி நில அளவையுமாகும். நூறு குழி ஒரு மா. நாளுக்கு ஒரு குழி என்னும் முகாம் விதி தமிழில் தற்செயலாகக் கூடுதல் பொருள் பெறுகிறது. ஆனால் ஆங்கிலத் தலைப்பு கதையில் உள்ள இடைவெளிகளையும் குறிக்கும். 'குழிகள்' அப்பொருளைத் தராது. கருவியின் பெயரும் எளிதன்று. தமிழ்நாட்டு மண்வெட்டி குனிந்து தன்னை நோக்கி இழுக்கும் கருவி. புதினத்தில் வருவதோ நின்றவாறு காலால் அழுத்தி மண்ணை அள்ளி வீசும் நீண்ட பிடிக் கருவி. அதன் ஐந்தடி நீளமே குழியின் அளவாதலால் மண்வெட்டி எனப் பெயர்த்தால் கணக்கே பிழையாகும்.

ஸ்டான்லியின் குடும்பப் பெயர் அவன் முதற்பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து எழுதியது. முன்பின்னாகப் படிப்பினும் மாறாத பாட்டைத் தமிழ் மாலைமாற்று என்னும். ஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். எனினும் உயிர்மெய் எழுத்தில் அந்த ஆங்கிலப் பெயரைத் திருப்ப இயலாது. புதிய பெயரைப் படைப்பதா, குறிப்புரை சேர்ப்பதா என்பது மொழிபெயர்ப்பாளர் முடிவு. சிறார் நூலில் குறிப்புரை வாசிப்பைத் தடுக்கும். மாறாக ஓரிடத்தில் தமிழ் கைகொடுக்கிறது. முகாம் தலைவர் பெண் என்பது அவர் நேரில் தோன்றும்வரை மறைவாக உள்ளது. 'அவர்' என்னும் மதிப்புச் சொல் அம்மறைவை இயல்பாகக் காத்துவிடும்.

மிகக் கடினமானது 'முகாம்' என்னும் சொல்லே. ஆங்கிலச் சிறுவனுக்கு அச்சொல் முதலில் ஏரியையும் படகையும் நினைவூட்டும். அந்த எதிர்பார்ப்பு உடைவதில்தான் கதையின் முதல் அதிர்ச்சி. தமிழில் முகாம் என்றால் கண் மருத்துவ முகாம், சாரணர் முகாம், மனுநீதி நாள் முகாம் என்பவற்றோடு அகதி முகாமும் தடுப்பு முகாமும் உடன் வரும். ஈழத்தமிழ் வாசகர் பலருக்குப் பின்னவையே முதற்பொருள். வேலியிட்ட இடத்தை இனிய பெயரால் அழைப்பதன் முரண் அவர்களுக்குப் புதிதாக இராது.

நிரப்பப்பட்டவையும் நிரப்பப்படாதவையும்

புதினத்தின் மூன்றாம் பகுதி குழிகளை நிரப்புதல் எனத் தலைப்பிடப்பட்டுள்ளது. இரவில் இருவரும் முகாமிற்குத் திரும்பித் தோண்டுகின்றனர். கிடைக்கும் பெட்டியில் ஸ்டான்லி யெல்நாட்ஸ் என்னும் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது; அது கேதரினிடம் கொள்ளுப்பாட்டன் பறிகொடுத்த பெட்டி. பெயரை வாசித்துச் சொல்பவன் ஜீரோ. உடைமையை நிலைநாட்டியது சில நாள் முன்பு கற்ற எழுத்து. அதேவேளை, வழக்கறிஞர் வந்து ஜீரோவின் கோப்பைக் கேட்கிறார், கோப்பு இல்லை, ஆகவே அவனைத் தடுத்துவைக்கவும் காரணமில்லை. அழித்தவர்களின் செயலே அவனை விடுவிக்கிறது. முகாமில் மழை பெய்கிறது.

இத்தனை தற்செயல்களும் ஒரே நாளில் கூடுவது மிகை என்று கருதுவோர் உண்டு. வெங்காயமும் காலணியும் பீச் பழச்சாறும் கதை முழுவதும் உறுதியான பொருள்களாகக் கையில் இருந்துகொண்டேயிருப்பதனால் அம்மிகையை வாசகர் பொறுத்துக்கொள்கின்றனர். பொறுக்க இயலாதது செல்வத்தால் வரும் தீர்வு. இரு சிறுவர்களும் பணக்காரராகின்றனர். ஹெக்டர் தன் பங்கைக்கொண்டு தாயைத் தேடக் கண்டறிகிறான். இறுதிக் காட்சியில் ஒரு பெண் அவன் பின்னே அமர்ந்து தலைமயிரைக் கோதியவாறு அந்தத் தாலாட்டைப் பாடுகிறாள். முகாம் நிலம் விற்கப்பட்டுச் சிறுமியர் சாரணர் முகாமாக மாறவுள்ளது. வசதியுள்ள தாய்மாரின் பிள்ளைகள் இனி அங்கே நீந்தக்கூடும்.

கூடாரத்தில் எஞ்சிய சிறுவர்களுக்குப் புதையல் இல்லை. ஸ்டான்லி புறப்படும் வேளையில், முன்னர் அவன் தாய்க்கு எழுதுவதைக் கண்டு எள்ளிய ஸ்க்விட் ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தருகிறான். அது அவன் தாயின் எண். ஆலன் வருந்துவதாகச் சொல்லும்படி வேண்டுகிறான். ஸ்டான்லி அத்தாளை வாங்கிக்கொள்கிறான். அவன் அழைத்தானா என்பதைப் புதினம் சொல்லவில்லை.